விரலிடுக்கு

இரண்டு துடிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

கட்டு மாற்றும் அறையின் உயரமான மேசையில் மகளை உட்காரவைத்து, கட்டு அவிழ்த்த அவளுடைய விரல்களுக்கு நடுவே தன் சுண்டுவிரலைக் கொடுத்து நின்ற அம்மா, இடுக்கில் உணர்ந்த அந்த ஒற்றைத் துடிப்பை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்து நெடியும், ஈரப் பஞ்சின் வாடையும், ஜன்னலில்லாத சுவருக்குப் பின்னால் எங்கோ ஓடிய இயந்திரத்தின் முனகலும் சேர்ந்து காலையிலிருந்தே அவளுக்குத் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

குருவிக்குப் பிறக்கும்போதே நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியிருந்தன. நான்கு வயதில் பிரித்துத் தைத்தார்கள். காய்ச்சலென்று ஒரு தடவை அம்மாவும் மகளும் திரும்பி வந்தார்கள். தையலில் நீர் கசிகிறதென்று இன்னொரு தடவை. இது மூன்றாவது.

“என்ன குருவி, எங்கள விட்டு இருக்க முடியலையா? பேசாம உனக்கு இங்கயே ஒரு கட்டில் போட்டுடவா?” என்று சிரித்தபடி கட்டை அவிழ்த்த நர்ஸின் முகம், விரல்களின் அடியைப் பார்த்ததும் மாறியிருந்தது.

“மறுபடியும் ஒட்ட ஆரம்பிச்சிருக்கேம்மா. நடுவுல துணி வெச்சீங்களா?”

“வெச்சேன் சிஸ்டர்.”

“தூங்கறப்பவும்?”

“எப்பவும்.”

கூசாமல் வந்த பொய். துணி உறுத்துகிறதென்று குழந்தை அழுத முதல் நாளே அதை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இடுக்கில் தன் சுண்டுவிரலை வைத்துப் படுத்துக்கொண்டாள். விரல்கள் சேராமல் இருந்தால் சரிதானே? மூன்று வாரம் அப்படியே. பிறகு அந்த விரல் இல்லாமல் குருவி கண்ணே மூடவில்லை.

“மெல்லிசாத்தான் ஒட்டியிருக்கு. டாக்டர் கை கழுவிட்டு வந்து இங்கயே பிரிச்சு விட்டுடுவார்” என்றாள் நர்ஸ், முதுகைக் காட்டிக்கொண்டு. தட்டில் கத்தரிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம்.

அம்மா விரலை உருவப் பார்த்தாள். வரவில்லை. வியர்வைப் பிசுபிசுப்பாக இருக்கும். மெல்லத் திருப்பினாள். குருவியின் தோல் கூடவே திரும்பியது.

வலித்தது. குருவிக்கு அல்ல.

குனிந்து பார்த்தாள். இடுக்கில் கோடே இல்லை. குருவியின் தோல் எங்கே முடிகிறது, தன்னுடையது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் துணி விஷயமும் வெளியே வரும்.

“இனிமே எடுக்க மாட்டல்லம்மா?” என்றாள் குருவி. அழவில்லை. தூக்கம் வந்தவள்போல் கேட்டாள்.

வெளியே காலடிச் சத்தம். கதவு திறந்தது. மூடியது. மேசை விளக்கு எரிந்தது.

“விரலையெல்லாம் மடக்கிக் காட்டு குருவி” என்றாள் நர்ஸ், திரும்பாமலே.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தான்.”

குருவி மடக்கினாள்.

அம்மாவின் சுண்டுவிரலும் மடங்கியது.

அவள் மடக்கவில்லை.

“சமத்து. இப்ப நீட்டு.”

நீண்டது.

“அம்மா, பிள்ளைய நல்லாப் பிடிச்சுக்குங்க” என்றார் டாக்டர், கத்தரியை எடுத்து. “சட்டுனு முடிஞ்சுடும்.”

விளக்கடியில், அந்த விரல் மெதுவாகத் தானே மடங்கி, குருவியின் உள்ளங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.