பதினான்கு அடிக் கூடம்

காலை ஏழு மணிக்குக் காகம் கரைந்தது. கரைந்தது என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பின்பக்க இடது ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்து இரண்டு வருஷமாகிறது. அதற்குள்ளிருந்து வரும் காகத்துக்கு நிரந்தர ஜலதோஷம். வலப்பக்க ஸ்பீக்கரில் பால்காரரின் மணி, முன்பக்கம் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம், ஊஃபருக்குள் தூரத்து ரயில்.

"வந்துட்டாரு சளி பிடிச்சவரு," என்றபடி தில்லைநாயகம் காபியை ஆற்றினார். வழக்கமாக அதற்கு அவர் மனைவி குமுதவல்லி சிரிப்பாள். இன்று கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் நாற்காலிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் சொன்ன சிகிச்சை அது. தினமும் மத்தியானம் வரை காகத்தையும் பால்காரரையும் கேட்க வேண்டும், வெளியே இருப்பதாக நம்ப வேண்டும்.

நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழி? கடல் ஏறி வந்து கரையோர ஊர்களைத் தின்ற வருஷம் கட்டிய உறைவிடக் கோபுரம் அது. முப்பத்தொரு மாடி, ஒரு ஜன்னல் கிடையாது. பகல் பத்து மணிக்கு வெளியே ஐம்பத்திரண்டு டிகிரி. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை 'வெளிமுறை' வரும். விடியுமுன் ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் நடந்துவிட்டு வரலாம். மற்ற நாளெல்லாம் நாலு சுவர்தான். காது நம்பினால் உடம்பும் நம்பிவிடும் என்று உறைவிட வாரியம் கண்டுபிடித்து, வீட்டுக்கு வீடு 'வெளியொலி' கட்டாயம் என்று சட்டம் போட்டது. காலை ஏழிலிருந்து ராத்திரி ஒன்பது வரை அது ஓடும். சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க ஸ்விட்ச் கிடையாது.

பெரும்பாலான வீடுகளில் வாரியமே கொடுத்த கருவி. தில்லைநாயகம் வீட்டில் மட்டும் அவர் சொந்த ஹோம் தியேட்டர். ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், கல்லு மாதிரி கனக்கும் ஒரு ஆம்ப். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குடிவந்தபோது துணிமூட்டையை விட்டாலும் விட்டார், அதை விடவில்லை. ஆயுள் முழுக்கக் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்த மனுஷன். அளவில் மகா கறார். கூடத்தை டேப் வைத்து அளந்து, முன்சுவரிலிருந்து பின்சுவருக்குப் பதினான்கு அடி என்று ஆம்ப்பில் பதிந்து, ஒயரையும் விண்ணென்று நிற்கும்படி அளவெடுத்து வெட்டினார். சுவரில் ஆணியடிக்க வாரியம் விடாது என்பதால் ஒயர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கூரையோரமாக அந்தரத்தில் போகும். வருஷா வருஷம் போகிக்கு ஏணி போட்டு ஒட்டடை அடிக்கும்போது அது கொஞ்சம் தொய்ந்திருக்கும். மடித்து ஒரு கிளிப் போட்டுவிட்டு இறங்குவார். சூட்டுக்குச் செம்பு நீளத்தானே செய்யும் என்பது அவர் கட்சி.

குமுதவல்லியின் கட்சி வேறு. "ஏங்க, இந்தச் சுவர் உள்ளே வருதுங்க. சமையல்கட்டுலேருந்து பின்சுவருக்குப் பத்துத் தப்படி இருந்துச்சு. இப்போ எட்டுத்தான்," என்று மூன்று வருஷத்துக்கு முன் ஆரம்பித்தாள்.

"சுவருக்குக் கால் முளைக்கலடி. உன் நடை மாறியிருக்கும்."

"வயசானா தப்படி குறுகும்னுதானே சொல்வாங்க? எனக்கு மட்டும் நீளுமா?"

நல்ல கேள்விதான். அளவுக்காரர் அன்றைக்கே டேப்பை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அளவு விஷயத்தில் தனக்கு ஒருத்தி பாடம் சொல்வதா என்ற ரோஷம் அவருக்கு. அதன்பின் அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, சும்மா இருக்கும்போது. திரையில் வந்த வாரிய மருத்துவர் அதற்குச் 'சுவரச்சம்' என்று பெயர் வைத்தார். அவள் வாரியத்துக்கு இரண்டு முறை புகார் கொடுத்தாள். இரண்டு முறையும் 'கணவரின் கருத்து' என்ற கட்டத்தில் தில்லைநாயகம் 'சுவர் நகரவில்லை' என்று எழுதினார். மூன்றாவது புகார் போனால் ஒன்பதாம் மாடி ஓய்வுத் தளம். அங்கே போனவர்களைத் திரையில் மாதம் பதினைந்து நிமிஷம் பார்க்கலாம். திரும்பி வந்தவர் யாரையும் அவர் பார்த்ததில்லை.

புதுக் கருவி மாட்டினால் நோய் குறையும், குறையாவிட்டால் நாளைய பரிசோதனையில் முடிவெடுப்போம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான், உயிரைக் கொடுத்தாலும் கொடுப்பேன், இதைத் தரமாட்டேன் என்று வைத்திருந்த செட்டைக் கழற்ற தில்லைநாயகம் தலையாட்டினார்.

பத்து மணிக்கு அமலோற்பவம் வந்தாள். இந்த இருபத்திரண்டாம் தளத்துக்கு அவள்தான் டெக்னீஷியன். முப்பத்தைந்து வயது இருக்கும். தளத்தில் எல்லோருக்கும் அமலா.

"அம்மாடி, இந்தக் காலத்து ஆம்ப்பா! இதுக்கு ஸ்பேர் எங்க சார் கிடைக்குது?"

"கிடைக்கலை. அதான் காக்காவுக்கு ஜலதோஷம்."

அவள் சிரித்துக்கொண்டே டெக்னீஷியன் சாவியைப் போட்டு ஆம்ப்பை அணைத்தாள். காகம் பாதிக் கரைதலில் நின்றது. புதுப் 'பரவொலி'ப் பட்டையை முன்சுவரில் ஒட்டினாள். விரல் தடிமன்தான் இருந்தது, ஒயரே கிடையாது. நடுவில் ஒரு சின்ன அளவியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கீச்சென்று ஒரு சத்தம் நாலு சுவரிலும் முட்டித் திரும்பியது. அளவியில் எண் விழுந்தது.

தில்லைநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "பதினொன்றரையா? உன் கருவி தப்பும்மா. பதினாலு இது."

அமலா எண்ணை அவசரமாக மறைத்தாள். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் சார், விடுங்க."

அளவில் 'விடுங்க' என்று சொன்னால் விடுகிற ஆளா அவர்? அலமாரியிலிருந்து பழைய டேப்பை எடுத்து வந்து, முட்டி போட்டு, முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு இழுத்தார். பதினோரு அடி ஆறு அங்குலம். மறுபடி இழுத்தார். அதேதான். நிமிர்ந்தபோது பார்வை கூரையோர ஒயரில் போய் நின்றது. ஏணியைப் போட்டு ஏறி ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினார். பன்னிரண்டு கிளிப். கடைசிக் கிளிப் கழன்றதும் ஒயர் சரிந்து அவர் முகத்துக்கு நேரே வந்து தொங்கியது. ஒரு மடிப்பை டேப்பில் வைத்துப் பார்த்தார். இரண்டரை அங்குலம். பன்னிரண்டு மடிப்புக்கு இரண்டரை அடி.

செம்பு நீளவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தன் கையாலேயே மடித்து மடித்து, கிளிப் போட்டு, கண்ணுக்குப் படாமல் வைத்தது அவர்தான். வாரியம் மூன்று வருஷத்துக்கொரு முறை சோபா மாற்றித் தரும்போது, புது மாடல் கொஞ்சம் ஒடுக்கமாக இருக்கிறதே என்று கேலி வேறு பேசியிருக்கிறார். இறங்கி மனைவியின் நாற்காலிக்கு முன் தரையில் உட்கார்ந்தார்.

"குமுதா, நீ சொன்னது நெசம்டி. சுவர் வந்திருக்கு. ரெண்டரை அடி."

அவள் கண்ணைத் திறந்து ஒயரைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள், அப்படி ஒரு அழுகை. மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாக மூச்சு விட்டு அவர் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாவி, நான்தான்டி எழுதிக் கொடுத்தேன், ரெண்டு தடவையும்! இதோ இப்பவே வாரியத்தைக் கூப்பிடுறேன். இந்த ஒயர் போதும் சாட்சிக்கு. உன்னை எவன் ஒன்பதாம் மாடிக்கு அனுப்புறான்னு பார்க்கிறேன்!"

சுவர்த்திரையை நோக்கி அவர் எழுந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பழைய ஆம்ப் அணைந்துவிட்டது, புதியது இன்னும் பாடத் தொடங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பகல் நேரத்தில் அந்தக் கூடம் சத்தமில்லாமல் இருந்தது. பின்சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தட்டு தரையில் விழுந்து உருண்டது. "ஏழேழு நாப்பத்தொம்பது, எட்டேழு அம்பத்தாறு" என்று ஒரு சிறுமி ராகம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகம் பாதி வழியில் நின்றார். "யாரு அது?"

அமலா போய் வாசல் கதவைச் சாத்தினாள். "என் பொண்ணு சார்," என்றாள்.

"என்னது?"

"உங்க சுவர் ரெண்டரை அடி, உங்களுக்குப் பின்வீட்டுச் சுவர் ரெண்டரை அடி. நடுவுல அஞ்சடி. இந்தத் தளம் முழுக்க அந்த அஞ்சடி ஓடுது. அதுலதான் எங்களை வச்சிருக்காங்க. தளத்து வேலை ஆளுங்க தளத்துலயே இருக்கணும்ல? எங்க ஊரைக் கடல் எடுத்தப்போ இங்க மாடியெல்லாம் நிறைஞ்சுபோச்சுன்னாங்க. அப்புறம் ஒருநாள் இடம் இருக்குன்னு கூப்பிட்டாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு நாங்க கேட்கலை."

குமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை பேரு இருக்கீங்க?"

"நாங்க ரெண்டு பேரு, ரெண்டு புள்ளைங்க. குறுக்கே காலை நீட்ட முடியாதும்மா, நீளவாக்குல வரிசையாப் படுத்துக்குவோம். ராத்திரி வெளியொலி நின்னதும் சத்தமே போடமாட்டோம்." பிறகு தில்லைநாயகத்தின் பக்கம் திரும்பினாள். "வாரியத்துக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? நகர்த்துறதே அவங்கதான். நீங்க ஒயரைக் காட்டினா, உங்க வாயை அடைக்க இந்த ஒரு சுவரை மட்டும் பின்னால தள்ளுவாங்க. தள்ளுறதுக்கு முன்னாடி எங்களை வெளிய விடுவாங்க. இந்த வெயில்ல."

அவர் கையில் டேப் தானாகச் சுருண்டுகொண்டது.

"இன்னும் நகருமா?" என்றார் கடைசியில்.

அவள் முன்சுவரில் ஒட்டிய பட்டையைப் பார்த்தாள். பிறகு, "பரவொலி மாட்டின வீட்டுல வேகமா நகரும் சார். அது அப்பப்போ தானே அளந்து, சத்தத்தைத் தூரமாக்கிடும். யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமா தெரியாததுக்கு உங்க கிளிப் காரணம், இனிமே அது பார்த்துக்கும்," என்றாள்.

கருவி மாட்டியதும் வாரியம் அனுப்பும் படிவம் சுவர்த்திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'கூடத்தின் அளவு பதினான்கு அடி. சுவர் நகர்வதாக எனக்குத் தோன்றியது நோய். புதிய கருவியால் குணமடைந்தேன்.' கீழே குடியிருப்பவர் ரேகைக்கு ஒரு கட்டம், 'சுவர் நகரவில்லை' என்ற வாக்கியத்தோடு சாட்சிக்கு ஒரு கட்டம். குமுதவல்லி நாற்காலியிலிருந்து எழுந்தாள். சமையல்கட்டு வாசலுக்குப் போய், அங்கிருந்து பின்சுவர் வரைக்கும் நடந்தாள், எட்டுத் தப்படி. சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"பொண்ணு பேரு என்ன?"

"பிலோமினா."

"ஒன்பதாம் வாய்ப்பாட்டுல தப்பு விடுறா. சொல்லிக்குடு." திரும்பி வந்து ரேகைக் கட்டத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"குமுதா! உனக்குப் புத்தி பிசகுன்னு நீயே எழுதிக் குடுக்குறியாடி?"

"வாரியம் என்ன வேணா நினைச்சுக்கட்டும். நீங்க நம்பிட்டீங்கல்ல, எனக்கு அது போதும். அந்தக் குழந்தையை வெளிய தள்ளிட்டு எனக்கு ரெண்டரை அடி எதுக்குங்க? வாங்க, சாட்சி போடுங்க."

முன்பு இரண்டு முறை அந்த வாக்கியத்தை எழுதியபோது அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்போது அது உண்மை என்று நினைத்தார். இப்போது விரல் கட்டத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தது. அமலா வேறெங்கோ பார்த்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் சிறுமி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். தில்லைநாயகம் விரலை வைத்தார். 'சுவர் நகரவில்லை.'

அமலா பழைய ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினாள், ஒயரை உருவிச் சுருட்டினாள். பன்னிரண்டு கிளிப்பையும் கேட்டு வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று கும்பிட வந்தவளைக் குமுதவல்லி கையைப் பிடித்துத் தடுத்தாள். அவள் போனதும் பரவொலி பாடத் தொடங்கியது.

அடடா, என்ன துல்லியம்! வாய்ப்பாடு மறைந்துபோனது. கூடம் ஒரு மைதானமாக விரிந்தது. முன்னே நூறு அடி தள்ளி யாரோ வாசல் தெளித்தார்கள். பின்னால் வெகு தூரத்தில், ஒரு பெரிய மரத்தின் உச்சியில், சளி இல்லாத காகம் கரைந்தது. நாற்காலியைப் பின்சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து தில்லைநாயகம் கண்ணை மூடினார். நல்ல வெட்டவெளி. காற்றுகூட அடிக்கிற மாதிரி இருந்தது.

காகம் இருந்த திசையில் பின்னால் கையை நீட்டினார். முழங்கை விரிவதற்குள் விரல்கள் சுவரில் இடித்தன. கையை இழுத்துக்கொண்டு மறுபடி நீட்டினார். மறுபடி இடித்தது. காகம் அவ்வளவு தூரத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. சட்டைப் பொத்தானைக் கழற்றினார். போதவில்லை.

"குமுதா... குமுதா, எனக்கு மூச்சு முட்டுதுடி. வருது, அது இப்பவும் வருது..."

அவள் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். பக்கத்தில் மண்டியிட்டு, நாற்காலிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்த அவர் கைகளைப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் தலைக்கு மேலே பின்சுவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரல் தழைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

"ஒண்ணுமில்லீங்க. சுவருக்குக் கால் முளைக்கலை."