மஞ்சள் குழாயின் மறுமுனை

நான் பிறந்தது முதலியார்பேட்டை. பாஸ்போர்ட் மட்டும் பிரெஞ்சு. ஒன்பது வயதில் அப்பாவின் பட்டாள வேலையோடு பிரான்சின் தூலோன் நகருக்குப் போனவள், முப்பதாவது வயதில், 2008 பெப்ரவரியில், ஸ்கூபா பயிற்சியாளர் ஆவதற்காகப் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தேன். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இருந்தவர் என் விண்ணப்பத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹேமலதா, முதலியார்பேட்டையில பொறப்பு. நீங்க ஃபாரினரா?"

ஆமாம் என்று சொல்லவே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் பிறகு இரண்டு மாதம் என்னை விட்டுப் போகவில்லை.

பயிற்சிப் பள்ளி, வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பழைய வீடு. உயரமான கதவு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பின்கட்டு அறையில் மிதவை ஜாக்கெட்டுகளும் மூச்சுக் குழாய்களும் வரிசையாகத் தொங்கின. பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டும். ஈர ரப்பர் நாற்றம், உப்பு, அதற்கு நடுவே எங்கிருந்தோ கிராம்பு வாசனை. யாரோ பல்வலிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியை நடத்தியவர் ஷஹாபுதீன். என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனாலும் நான் 'பாய்' என்பேன், அவர் 'ஹேமாக்கா' என்பார். என்னோடு படித்தவன் பிள்ளைச்சாவடி அருள்முருகன். மீனவர் வீட்டுப் பிள்ளை, தண்ணீரில் இறங்கினால் மீனேதான். நாங்கள் இருவர் மட்டும்தான் அந்த வருடப் பரீட்சைக்கு.

காலை ஐந்து மணிக்கு லோடு ஆட்டோவில் சிலிண்டர்களை ஏற்றுவோம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு. முக்கால் மணி நேரம் கடலில் போய், இரண்டு முறை இறங்கி ஏறுவோம். மதியம் பௌதிகப் பாடம், பாதியில் கரண்ட் போகும். சாயங்காலம் தொட்டியில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உடம்பு விட்டுப்போகும். ஆனால் அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என்னைக் கொன்றது காற்று.

சிலிண்டரில் காற்று இருநூறு 'பார்' அழுத்தத்தில் இருக்கும். முக்கால் மணி நேரம் கீழே பாடம் நடத்திவிட்டு, குறைந்தது ஐம்பது மிச்சம் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். மாணவனுக்கு முன்னால் காற்றைத் தீர்த்துவிடுகிறவளுக்கு யார் பயிற்சியாளர் அட்டை கொடுப்பார்கள்? எனக்கு இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே முப்பதுக்கு வந்துவிடும். தினமும்.

"அக்கா, பதட்டப்படறீங்க. மெதுவா இழுங்க."

"பதட்டமே இல்ல பாய். தூலோன்ல அம்பது நிமிஷம் இருப்பேன் நானு."

"அப்ப இங்க என்ன ஆச்சு?"

அது தெரிந்தால் நான் ஏன் அழுகிறேன்? காப்பியை நிறுத்தினேன். இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளைக் குறைத்தேன். மூச்சுப்பயிற்சி செய்தேன். சிலிண்டரை மாற்றினேன், காற்றளவு காட்டும் கேஜை மாற்றினேன், தொட்டியில் முக்கி ஓட்டை தேடினேன். ஒரு குமிழி வரவில்லை. அட்டை கிடைத்தால் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவில் வேலை காத்திருந்தது. கிடைக்காவிட்டால் பழையபடி சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்ந்து தக்காளிக்கு விலை அடிக்க வேண்டியதுதான். தேர்வாளர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். விசாவும் ஏப்ரலோடு சரி.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், கழுவும்போதுதான் பார்த்தேன்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு குழாய். கறுப்பு நம் வாய்க்கு. மஞ்சள், தண்ணீருக்குள் காற்று தீர்ந்துபோன இன்னொருவருக்கு. என் மஞ்சளை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் அதன் வாய்முனை ரப்பர் கடிபட்டிருந்தது. நன்றாக, ஆழமாக. மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடைவெளியோடு.

ரப்பரை மாற்றினேன். மறுநாள் புதியதிலும் அதே கடி.

நேராக அருள்முருகனிடம் போனேன். "வாயைத் தொறடா!"

"என்னக்கா, சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

முப்பத்திரண்டும் முத்து முத்தாக இருந்தன.

அடுத்த நாள் கடல் கலங்கியிருந்தது. பதினாறு மீட்டர் ஆழத்தில் பச்சை இருட்டு. கையை நீட்டினால் விரல் மங்கலாகத்தான் தெரியும். மணலில் முழங்காலிட்டு அருள்முருகனுக்காகக் காத்திருந்தேன். தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது என்பது முதல் பாடம். நான் ஒரு கணம் அடக்கினேன். கேட்க வேண்டும் போலிருந்தது.

சத்தமில்லை.

பிறகு, என் வலது விலாப் பக்கம், ஸ்ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு.

நான் இழுக்கவில்லை.

குமிழிகள் என் கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போயின.

நான் விட்ட மூச்சில்லை அது.

கேஜைக் கண்ணருகே பிடித்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் துளித்துளியாக இறங்கியது. மெல்லத் தலையைத் திருப்பினேன். மஞ்சள் குழாய் கீழே தொங்கவில்லை. நீட்டி விறைத்து நின்றது. எனக்கு எதிரே முழங்காலிட்ட ஒருவரின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில்.

அங்கே யாரும் இல்லை.

எப்படி மேலே வந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ரப்பரை ஷஹாபுதீனிடம் நீட்டினேன். அவர் அதை முகர்ந்தார். அப்படியே படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"உஸைர்," என்றார். "என் தம்பி. முன்பல்லு போயி, பக்கத்துப் பல்லு வலின்னு கிராம்பை அடக்கிக்கினே இருப்பான்."

அருள்முருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"போன வருஷம் பரீட்சைக்கு ஒத்திகை. நாங்கல்லாம் மாணவன் மாதிரி நடிப்போம். ஒருத்தருக்குக் கண்ணாடியில தண்ணி, ஒருத்தருக்குக் காத்து இல்ல. பாடம் நடத்தறவரு கண்டுபுடிக்கணும். அன்னிக்கு உஸைர் காத்து இல்லன்னு கழுத்துல கையை வெச்சிக் காட்டினான். நடத்தினவரு பாக்கல. நான் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நடிக்கறான்னு நெனச்சேன். அவனுக்கு நெசமாவே தீந்துபோயிருந்துச்சி. எத்தனை செகண்டுல கவனிக்கறாருன்னு வாட்ச்சைப் பாத்துக்கினு இருந்தேன். என் மஞ்சக் குழாய் என் நெஞ்சுலயேதான் தொங்கினு இருந்துச்சிக்கா."

பாவமாக இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடக் கோபம்தான் வந்தது. ஒன்றரை மாதமாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன், இவர் இதைச் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

"அப்ப உங்ககிட்ட இல்ல வரணும்? என்கிட்ட ஏன் வர்றாரு?"

"என்கிட்ட வர மாட்டேங்கறான். தெனம் கீழ போயி குழாயை நீட்டிப் பாக்கறேன்," என்றார் ஷஹாபுதீன்.

பரீட்சை ஏப்ரல் முதல் வாரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள், சிரிக்கத் தெரியாதவர். தண்ணீரில் குதிப்பதற்கு முன், கருவிச் சோதனை எல்லாம் முடிந்த பிறகு, நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு ரப்பர் அடைப்பானை மஞ்சள் குழாயின் வாயில் திணித்து, ஜாக்கெட் வாருக்குள் செருகிவிட்டேன். செய்யக்கூடாத வேலை. இன்னொருவரின் உயிருக்கான குழாய் அது. தெரிந்துதான் செய்தேன்.

கீழே முள் ஒழுங்காக இறங்கியது. எனக்கு மட்டுமே உரிய மூச்சு. முகக்கண்ணாடியில் புகுந்த தண்ணீரை வெளியேற்றும் பாடத்தை அருள்முருகனுக்கு அழகாக நடத்தினேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அப்போது என் சிலிண்டரை யாரோ தட்டினார்கள்.

டிங். டிங். டிங்.

திரும்பவில்லை.

மஞ்சள் குழாயைப் பிடித்து இழுத்தார்கள். முதலில் மெதுவாக. பிறகு வெறிபிடித்ததைப் போல.

நான் பாடத்தை முடித்தேன்.

படகில் ஏறியபோது கேஜில் நூற்றுப்பத்து. தேர்வாளர் முதன்முறையாகத் தலையசைத்தார். எல்லோருடைய கேஜையும் பார்த்துக் குறித்துவிட்டால் முடிந்தது. அவர் முனையில் இருந்த அருள்முருகனிடமிருந்து ஆரம்பித்தார். என் சிலிண்டரை முதுகிலிருந்து கழற்றி ஓரமாக நிறுத்தினேன். இரண்டு நிமிடம் பொறுத்தால் போதும்.

டொக்.

மஞ்சள் குழாயிலிருந்து வந்தது. அடைப்பானை உள்ளிருந்தல்ல, வெளியிலிருந்து யாரோ வாயை வைத்து உறிஞ்சுகிற சத்தம்.

டொக். டொக்.

ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சோர்ந்து வந்தது. எதிரே ஷஹாபுதீன் நின்றிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பார்.

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சீ, எடுத்துத் தொலை!" என்று அடைப்பானைப் பிடுங்கி எறிந்தேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

முள் விழுந்தது. நூறு. எழுபது. நாற்பது. தாகம் எடுத்தவன் குடிப்பதுபோல அப்படி ஒரு அவசரம். தேர்வாளர் குனிந்து பார்த்தபோது முள் பூஜ்ஜியத்தில் நின்றது. வால்வைத் திறந்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உதட்டைப் பிதுக்கி, பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ரெயூனியோன் போயிற்று.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும், போகட்டும், ஒருவன் வயிறார மூச்சுவிட்டான் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் நிலைக்கவில்லை.

காற்று தீர்ந்த சிலிண்டரில் இழுப்பு நிற்கவில்லை.

வெற்று ரப்பரை உறிஞ்சும் அந்தச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ஷஹாபுதீன் ஓடிப்போய் ஒரு நிறை சிலிண்டரைத் தூக்கி வந்தார். மண்டியிட்டார். தன் மஞ்சள் குழாயை அதில் பூட்டி என் குழாயின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தார்.

"இந்தாடா. உஸைர், இதுல இழுடா. அண்ணன்டா."

அவர் கையிலிருந்த குழாயில் இருநூறு காற்று இருந்தது. அதில் ஒரு சத்தமும் இல்லை. கரை வரும்வரை என் குழாய்தான் இழுத்துக்கொண்டே வந்தது.