எல்.சி. திருப்பாத ஆள்

காட்டூரிலிருந்து பஸ் பிடித்து, வியர்த்து வழிந்து, ரெஜிஸ்டர் எழுதும் கிளார்க் பிரேமலதா புத்தூர் ஆபீஸ் மாடியேறியபோது மணி இரண்டரை. மேனேஜர் நவநீதன் ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தான். எங்கோ கடலில் நிற்கும் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கடலடிக் கேபிள் வழியாகக் கரை சேர்க்கும் வேலையை, முழங்கால் அளவு அலையில்கூட நிற்காத இந்த ஆள்தான் திருச்சியில் உட்கார்ந்து நடத்துகிறான்.

நாளைக்குத் திறப்பு விழா. தடை ஒன்றே ஒன்று. கேபிளில் கை வைப்பவர் முதலில் எல்.சி., அதாவது லைன் கிளியர், வாங்க வேண்டும். வேலை முடிந்ததென்று அவரே வாயால் சொல்லித் திருப்பும்வரை கரண்ட் விடக் கூடாது. காற்றாலைகள் நடுவே நிற்கும் கடல் மேடைக்குக் கேபிளை இணைக்கப் போன இன்னாசிராஜ் திருப்பவில்லை. ஒன்பது நாளுக்கு முன் கடலில் விழுந்தவர் எப்படித் திருப்புவார்? உடல்கூடக் கிடைக்கவில்லை. இறந்தார் என்று எழுதினால் விசாரணை வரும், விழா நிற்கும், நவநீதனின் பிரமோஷன் போகும். அதனால் ரெஜிஸ்டரில் அவர் லீவு.

“இன்னாசி ஃபோன்ல எல்.சி. ரிட்டர்ன் குடுத்தான்னு எழுது.”

“மாட்டேன் சார். அவர் செத்துட்டாருன்னு எழுதுங்க. அவர் வீட்ல இன்னும் வருவாருன்னு வாசலப் பாத்துட்டு இருக்காங்க.”

“ரொம்பத்தான் நியாயம் பேசுற.”

மேசையில் இருந்தது பேசுவதெல்லாம் பதிவாகும் ஃபோன். நவநீதன் எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைத்து ரிசீவரை எடுத்தான். குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டான். “இன்னாசிராஜ் பேசுறேங்க. வேலை முடிஞ்சுது. மேல வந்துட்டேன்.”

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று காதில் விழும்படியே பிரேமலதா சொன்னாள்.

அவன் திரும்பவில்லை. ரிசீவர் காதோடு ஒட்டியிருந்தது.

ஏசி நின்றது.

அறையெங்கும் உப்பு வாடை. அதற்குள் அழுகிய மீன் வாடை.

ரிசீவருக்குள் தண்ணீர் கொப்புளித்தது. யாரோ மூச்சை இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

“யாரு சார்?”

ரிசீவர் மெல்லக் கீழே வந்தது.

நவநீதனின் நாற்காலிக்குக் கீழே தரை நனைந்தது.

பிரேமலதா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நாற்காலியில் இருந்தவர் ரெஜிஸ்டரை இழுத்தார். லீவு என்பதை அடித்தார். ‘இன்னாசிராஜ் பணியில் இறந்தார்’ என்று எழுதி, நவநீதனின் கையெழுத்தைச் சுத்தமாகப் போட்டார். பிறகு, அவளை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டறியாத அந்த வாய் பணிவாகத் திறந்தது.

“எழுதிட்டேங்கக்கா. வீட்ல சொல்லிடுங்க.”

ஃபோன் அடித்தது. கடல் மேடையின் நேர் லைன். மேடையில் ஒன்பது நாளாக ஆள் கிடையாது.

எடுத்தாள்.

“பிரேமலதா! நவநீதன் பேசுறேன்! ஒரே இருட்டு. வாயெல்லாம் தண்ணி. கேபிள்ல கை மாட்டிக்கிச்சு. கரண்ட் விட்டுடாத!”

அவள் நாற்காலியைப் பார்த்தாள்.

“மேனேஜர் இங்கதான் இருக்காருங்க,” என்று வைத்துவிட்டாள்.

மறுபடி அடித்தது.