அளந்து வைத்த தண்ணீர்

ஸ்டெபி தண்ணீர் கொடுக்கவே இல்லை. ஆனாலும் அம்புரோஸின் உதடுகள் நனைந்திருந்தன.

வேர்வையாக இருக்கும் என்று துடைத்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி வார்டில் பினாயில் நெடியும் பழைய போர்வைகளின் புழுக்கமும் மூத்திரப் பைகளின் வாடையும் கலந்து கிடக்க, தலைக்கு மேல் மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்ற, துறைமுகத்துப் பக்கமிருந்து ஏதோ ஒரு கப்பலின் ஊதல் சுவர்களைத் தாண்டி மெல்ல வந்து அடங்கியது.

அவள் புருஷன் அம்புரோஸ் மணப்பாட்டுக் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். உடம்பு வலிக்கென்று வருஷக்கணக்கில் கடையில் வாங்கித் தின்ற மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. மூத்திரம் நின்றது, கால் வீங்கியது. அட்மிஷன் போட்ட அன்றே டாக்டர் சொல்லிவிட்டார்: குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, அளவு மீறினால் நுரையீரலில் ஏறிவிடும், பிழைக்க மாட்டான். அன்றாடம் குடிக்க வேண்டியதைப் பாட்டிலில் அளந்து கொடுத்தார்கள். ஸ்டெபி அதை மடியிலேயே வைத்திருந்தாள். அவன் கெஞ்சும்போதெல்லாம் ஈரத்துணியால் நாக்கை மட்டும் தொட்டாள்.

அப்படியும் அவன் எடை ஏறிக்கொண்டே போனது.

நர்ஸ் முத்துச்செல்வி முகத்தைச் சுளித்தாள். "யக்கா, பாவம் பார்த்துத் தண்ணியக் குடுத்து மனுசனக் கொன்னுராதிய," என்றாள். ஸ்டெபி மாதா மேல் சத்தியம் செய்தாள். பக்கத்துக் கட்டில்காரனின் பெண்டாட்டி மேல் சந்தேகம் வந்தது. பகல் முழுக்கக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவளுக்கோ போனில் மாமியாரை ஏசவே நேரம் போதவில்லை.

சாயங்காலம் புருஷனிடமே கேட்டாள்.

"மச்சான் தாரான்ளா," என்றான். மூச்சு வாங்கியது. "நான் மேல வந்ததும் எப்பவும் அவன்தான தருவான்."

ஸ்டெபி மடியிலிருந்த பாட்டிலை இறுக்கிப் பிடித்தாள். மச்சான் என்றால் ரெக்சன். அவளுடைய அண்ணன். கடலுக்கு அடியில் இருப்பவனின் கயிற்றை வள்ளத்திலிருந்து பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் பிடிப்பதுதான் அவர்கள் குடும்ப வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. ரெக்சனும் அப்படித்தான் பிடித்தான், உள்ளங்கைத் தோல் உரிய. முகம் கறுத்து மேலே வருகிறவனின் தாடையைத் தூக்கி, முதல் வாய்த் தண்ணீரைத் தானே ஊற்றுவான். போன ஆடிக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தபோது அம்புரோஸ் நீந்திக் கரை சேர்ந்தான். ரெக்சன் வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

லைட் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் நின்றிருந்தது. பினாயிலை அமுக்கிக்கொண்டு பாசி நாற்றம். ஈரக் கயிற்றின் நாற்றம்.

அம்புரோஸின் தாடை உயர்ந்தது.

யாரோ தாங்கிப் பிடித்தது போல. தாடி மயிர் படிந்து, விரல்கள் அழுந்திய இடம் குழிந்தது. வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மடக். மடக். நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம்.

"அண்ணே, போதும்ணே," என்றாள் ஸ்டெபி. "அவருக்கு அது ஆகாதுண்ணே. செத்துருவாரு."

தொண்டை நிற்கவில்லை.

புருஷனின் வாயைப் பொத்தினாள். இறுக்கி. நர்ஸைக் கூப்பிடக் குரல் எழவில்லை. உள்ளங்கையில் தண்ணீர் முட்டியது. விரலிடுக்கில் வழிந்தது. நகக்கண்ணில் எரிந்தது. உப்பு.

அப்போது அவள் விரல்களின் மேல் வேறு விரல்கள் படிந்தன. ஊறிப்போன, குளிர்ந்த விரல்கள். அடம்பிடிக்கும் தங்கையின் கையை நோகாமல் பிரிக்கும் அண்ணனைப் போல, அவளுடைய சுண்டுவிரலை முதலில் விலக்கின. பிறகு அடுத்ததை.