நீலப் போர்வை அம்மா

மருமகள் வைத்த காபியை மாமியார் தொடவே இல்லை. அது ஆறி, ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தேர்தல் நோட்டீஸ். எதிர்வீட்டுக்காரி விடிந்ததும் கொண்டுவந்து, பெருமை தாங்காமல் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"அத்தை, காபி ஆறிப்போச்சு..."

"எனக்கு வேண்டாம். மூணு வருஷமா இதைப் பத்தி நீயும் பேசலை, நானும் பேசலை. இப்ப ஓட்டுக்காக என் மானத்தை அச்சடிச்சு வீடு வீடாக் கொடுத்துட்டியே... இதுக்கு என்னைத் தெருவுல நிறுத்தியிருக்கலாம்."

மருமகள் நோட்டீஸை எடுத்துப் பார்த்தாள். 'சத்தமில்லாமல் செய்த சேவைகள்' என்ற தலைப்பின்கீழ் நான்காவது வரி: 'நீலப் போர்வை அம்மாவின் நனைந்த படுக்கையை மூன்று வருடமாகத் தினமும் துவைத்துக் கொடுத்தது.'

மருத்துவமனை வாசலில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது மருமகளின் வேலை. அதனால் தெருவுக்கே அவள் சீட்டக்கா. சீட்டு வாங்க வருகிறவர்கள் நோயை மட்டுமா சொல்வார்கள், வீட்டுக் கவலை எல்லாவற்றையும் கொட்டுவார்கள். அதையெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் பிரார்த்தனைக் கூடத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருக்காக வேண்டுகிறோமோ அவர் பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் கடவுளுக்குத் தெரியும். ஆகவே வேண்டியதையும் செய்ததையும் எழுதிவைக்கும் அவளுடைய நோட்டில் 'ஊன்றுகோல் தாத்தா', 'திக்குவாய் தம்பி' என்றுதான் இருக்கும்.

வேண்டிக்கொண்டதோடு அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. கடவுளிடம் சொன்னதை அப்படியே வார்டு அலுவலகத்திலும் போய்ச் சொல்வாள். கடவுள் உடனே காது கொடுத்துவிடுவார், அலுவலகத்துக்குத்தான் பத்து நடை நடக்கவேண்டும். அப்படி நடந்து நடந்து தெருவிளக்கு வந்தது, சாக்கடைக்கு மூடி வந்தது. "வெளியே நின்னு கெஞ்சினது போதும், உள்ளே போய் உட்காரு" என்று கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாரம் முழங்காலிட்டு அழுதுவிட்டு, வார்டு உறுப்பினர் பதவிக்கு மனு போட்டாள்.

நோட்டீஸ் அடித்தது கொழுந்தன். அச்சகத்தில் வேலை. அம்மாவோடு சண்டை போட்டு ஆறு வருடம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவனை, போன மாதம்தான் அண்ணி காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துவந்தாள். அந்த நன்றிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று துடித்தவன், சொல்லாமல் கொள்ளாமல் அவள் நோட்டை எடுத்துப்போய், அதிலிருந்து நல்லதாக நாலு வரி பொறுக்கிவிட்டான். நீலப் போர்வை அம்மா யாரோ ஒரு நோயாளி என்று நினைத்தான். தன்னைப் பெற்றவள் என்று ஆறு வருடம் வெளியே இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

இதைச் சொல்லிவிட்டால் அவள் மேல் பழி இல்லை. ஆனால் மாமியார் அவனை இன்றைக்கே வெளியே போகச் சொல்வாள். இந்தமுறை போனால் திரும்பமாட்டான்.

"தப்பு என்னோடதுதான் அத்தை. மனுவை வாபஸ் வாங்கிடறேன்" என்றாள்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாபஸ் வாங்க அன்றுதான் கடைசி நாள், மூன்று மணி வரை. வார்டு அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பும்போதும் அவளுக்குக் கோபம் வரவில்லை. தலைப்பிரசவத்தில் நாற்பது நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, தாயில்லாத அவளுக்குத் துணி மாற்றித் துவைத்துப் போட்டது அத்தைதான். முகம் சுளித்ததில்லை, யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கைகளுக்கு முன்னால் பதவி என்ன பெரிய பதவி! கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கொழுந்தன் இறங்கி, உள்ளே கையை நீட்டினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் இறங்கினாள். எங்கே நனைந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று வருடமாக வீட்டுப் படியை விட்டே இறங்காதவள்.

மருமகள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் இவன் சொல்லிட்டான்" என்றாள் மாமியார், மூச்சு வாங்க. "நோட்டையும் படிச்சுக் காட்டினான்... நீ என்ன வேண்டிக்கிட்டேன்னு."

வேண்டுதலாக மூன்று வருடமாக வாராவாரம் அதே வரிகள்தான் அதில் இருந்தன. 'நீலப் போர்வை அம்மா தலை குனியாமல் இருக்கவேண்டும். அவர்களைப் பார்க்கும்போது என் முகத்தில் எதுவும் தெரியாமல் இருக்கவேண்டும். அவர்களை எனக்குத் தந்ததற்கு நன்றி.'

"இவனுக்காக நீ ஏன்மா பழியைச் சுமந்தே?"

"மறுபடியும் போயிடுவாரோன்னு பயந்தேன் அத்தை..."

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க" என்று கொழுந்தன் கேவினான். கொடுத்த நோட்டீஸையெல்லாம் வீடு வீடாகப் போய் வாங்கி வருவதாகச் சொன்னான்.

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தாள். அலுவலகம் நிறைய ஆள் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த நீலப் போர்வைக்காரி நான்தான். இருக்கட்டும், தெரியட்டும். என்னை மாதிரி எத்தனை பேர் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களோ... அவங்க கதவைத் தட்ட ஒருத்தி வேணும். நீ ஜெயிச்சு உள்ளே போம்மா. காலையில பேசினதை மனசுல வச்சுக்காதே."

மருமகள் தரையில் உட்கார்ந்து அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று வருடம் அடக்கிவைத்த அழுகை எல்லாம் அங்கேயே வந்தது. அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே மாமியாரும் அழுதாள்.

"அம்மா, மணி மூணாகப் போகுது. படிவம் கொடுக்கறதா இருந்தா இப்பவே கொடுங்க" என்று குமாஸ்தா குரல் கொடுத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை.