வாசலில் நின்ற சாட்சி

மேகம் மூடிய ஒரு மதியம். வக்கீலின் கார் அந்தப் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் இறங்க, பின்னாலேயே கோப்புப் பையோடு டைப்பிஸ்ட் அம்மாள் இறங்கினாள். கதை கேட்கக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள் கண்ணுகளா. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

உயில் என்றால் அந்த ஊரில் இந்த வக்கீல்தான். துணிக்கடை மாடியில் ஒற்றை மேசையோடு தொழிலைத் தொடங்கியவர். அவர் எழுதிய உயிலை எமனே வந்து அப்பீல் செய்தாலும் உடைக்க முடியாது என்று மற்ற வக்கீல்கள் சிரிப்பார்கள். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. உயில் எழுதுபவரின் பிள்ளைகள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். கதவைச் சாத்தி, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாருக்குக் கொடுக்கணும்னு உங்க மனசு சொல்லுது?" என்று கேட்பார். அவர்கள் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்காமல் பேனாவைத் திறக்கவே மாட்டார்.

அந்த வீட்டுக்காரம்மாவும் முதல் உயில் எழுதும்போது அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தார். வீடு மகளுக்கு. படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி, புரட்டி, தைலம் தேய்த்து, குளிப்பாட்டியவள் அவள்தான். ஆனால் அம்மா போன பிறகு மகன் இன்னொரு உயிலை நீட்டினான். கடைசி நாளில் எழுதியது. வீடு முழுக்க அவனுக்கு. கீழே அம்மாவின் கைநாட்டு. அதற்குப் பக்கத்தில் சாட்சியாக நம் வக்கீலின் கையெழுத்து.

"சார் போட்ட கையெழுத்தா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மகள் மட்டும் நம்பவில்லை. மறுநாள் கோர்ட்டில் வக்கீல் கூண்டேறி, அம்மா நினைவோடு கைநாட்டு வைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்யவேண்டும். செய்துவிட்டால் அவள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். செய்வதற்கு அவரும் தயாராகவே இருந்தார்.

அம்மா இறந்ததுமே அந்த அறையைப் பூட்டி, அரக்கு உருக்கி சீல் வைத்தவரும் அவர்தான். உள்ளே இருக்கும் பொருள்களைக் கணக்கெடுக்க, இரண்டு வாரிசுகளின் முன்னிலையில் இன்று அதைத் திறக்கவேண்டும்.

"சீக்கிரம் முடிங்க சார்" என்றான் மகன். "ஒரு கட்டிலும் நாலு பழைய துணியும்தான். என்னமோ புதையல் இருக்கிற மாதிரி…"

"அவங்க இருந்தப்பவும் உனக்கு அவசரம்தான் அண்ணா" என்றாள் மகள்.

"வாயைப் பாரு. நீ அந்த அரக்கைத் தொடாம இருந்தாச் சரி."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரக்கைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. தன் முத்திரையேதான். உடைத்தார். பூட்டைத் திறந்து தள்ளினார். கதவு முனகிக்கொண்டே உள்ளே போனது.

மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த அறையில் புழுக்க நாற்றம்தான் அடிக்கவேண்டும். ஆனால் வந்தது தைல வாசனை. இப்போதுதான் யாரோ உள்ளங்கையில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்துவிட்டதுபோல.

ஜன்னலில் தூசி. அலமாரியில் தூசி. மருந்துப் புட்டிகளின் தோளில்கூடத் தூசி. கட்டிலைப் பார்த்தபடி போட்டிருந்த நாற்காலியில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

தலையணையில் ஒரு பள்ளம்.

"கள்ளச்சாவி போட்டிருக்கா பாருங்க சார்!" என்றான் மகன்.

"என் மேல ஏன் பழி போடறே? ராத்திரியில எல்லாம் இந்தப் பக்கம் சுத்தறது நீதானே?"

ஜன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சாவி இன்று காலைவரை தன் அலுவலகப் பெட்டியில்தான் இருந்தது என்று வக்கீலுக்குத் தெரியும். அவர் பார்வை டைப்பிஸ்ட் பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? எனக்குத் தைல வாசனையே ஆகாது" என்றாள் அவள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

வக்கீல் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கு."

 பிறகு, தொழிலில் எத்தனையோ வீடுகளில் சொன்னதையே சொன்னார்.

"எல்லாரும் வெளியே இருங்க."

கதவு சாத்தப்பட்டது. மூன்று பேரும் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா… யாருக்குக் கொடுக்கணும்னு உங்க மனசு சொல்லுது?"

வேறு குரல் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் பதில் கேட்டவர்போலவே அவர் பேசினார்.

"ஆமாம்மா. நான் உள்ளேயே வரலை."

டைப்பிஸ்ட் கதவில் காதை ஒட்டினாள்.

"உடம்பு துடைக்கிறாங்க, வராதீங்கன்னு உங்க பிள்ளை உள்ளே இருந்தே சொன்னான். எனக்கு அன்னிக்குப் பாராட்டு விழா. கார் ஓடிக்கிட்டே நின்னுச்சு. வாசல்ல நின்னே, 'சம்மதமாம்மா'ன்னு கேட்டேன். உள்ளேருந்து ஒரு இருமல் வந்துச்சு. அதையே சம்மதமா எடுத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளை மருந்துக்கடைக்கு அனுப்பியிருந்தான் அண்ணன். திரும்பி வந்தபோது அம்மாவின் கை ஜில்லிட்டுப் போயிருந்தது. கட்டைவிரலில் மட்டும் மை, ஈரமாக.

உள்ளே வக்கீலின் குரல் மறுபடி கேட்டது.

"அன்னிக்கு இருமினது நீங்க இல்லையாம்மா?"

கதவு திறந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, அம்மா உன்னைக் கூப்பிடறாங்க."

மகன் சத்தமாகச் சிரித்தான். "நல்ல நடிப்பு சார். நாளைக்குக் கூண்டேறப் பயந்துட்டு இன்னைக்குப் பேயைத் துணைக்குக் கூட்டிக்கிறீங்களா?"

டைப்பிஸ்டுக்கும் மனதின் ஒரு மூலையில் அந்தச் சந்தேகம் இருந்தது. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு குரல்தானே.

"நடிப்புன்னே வெச்சுக்கோ" என்றார் வக்கீல். "உள்ளே போய் அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு வா. நாளைக்கு நீ சொன்னபடியே சத்தியம் பண்றேன்."

ஒரு நிமிஷம். அவ்வளவுதான் கண்ணுகளா. முழு வீடும் கைக்கு வந்துவிடும்.

மகன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒரு காலை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

தலையணையின் பள்ளம் மெல்ல நகர்ந்தது.

சுவரைப் பார்த்திருந்த தலை வாசல் பக்கம் திரும்பினால் எப்படி நகருமோ, அப்படி.

காற்று அவன் தொண்டையிலேயே நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். வறண்ட, கட்டையான இருமல். நிற்காமல் வந்தது.

வக்கீல் கண்களை மூடிக்கொண்டார்.

"இதுதான்" என்றார். "அன்னிக்கு எனக்குக் கேட்டது இந்த இருமல்தான்."

மகன் காலைப் பின்னுக்கு இழுத்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தான், பிறகு ஓடினான். இருமல் தெருமுனைவரை கேட்டது.

"வீடு உனக்குத்தான் பாப்பா" என்றார் வக்கீல், மகளைப் பார்த்து. "பார்க்காமலே சாட்சி போட்டேன்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிடறேன்."

"சார், அப்புறம் உங்க பேரு? இத்தனை வருஷமாச் சம்பாதிச்ச பேரு?" என்று டைப்பிஸ்ட் பதறினாள்.

"ஒரு இருமலுக்கு வித்துட்டேனேம்மா. இனிமே எங்கேருந்து வரும்?"

அவள் தலையைக் குனிந்து பையை மூடினாள். மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார்… உண்மையைச் சொல்லுங்க. அந்தம்மா நிஜமாவே பேசினாங்களா?"

வக்கீல் பதில் சொல்ல வாயெடுத்தார்.

அவர்களுக்குப் பின்னால் அந்த அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வீட்டில் இருந்த மூன்று பேரும் கூடத்தில்தான் நின்றார்கள்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.