படியேறும் வண்டி

மின்கலம் இன்னும் பூட்டப்படவில்லை. ஆனாலும் மேசையில் நின்ற விளையாட்டு வண்டியின் முன்சில்லுகள் இரண்டும் வாசற்பக்கம் திரும்பியிருந்தன.

தர்மராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கை கழுவப் போகுமுன் அவரே அவற்றை நேராக நிறுத்திவிட்டுப் போனவர். சில்லுகளைத் திருப்பும் சின்ன மோட்டாரின் வயர்கள் எந்தத் தொடுப்பும் இல்லாமல் மேசையில் சோர்ந்து கிடந்தன. பண்டாரவளையின் பின்னேர மூடுபனி யன்னல் இடுக்குகளால் உள்ளே வந்து, உருகிய ஈயத்தின் மணத்தோடும் ஈரச் சுவரின் மணத்தோடும் கலந்து அறைக்குள் தங்கியிருந்தது. கீழே றோட்டில் வெலிமடை பஸ் ஒன்று கியர் மாற்ற முடியாமல் முனகிக்கொண்டு ஏறி, வளைவில் ஒலியடங்கிப் போனது. அவர் பெருவிரலால் சில்லுகளை நேராக்கினார். ரப்பர் குளிர்ந்திருந்தது. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியிருக்கும் பிள்ளையின் நாடியைப் பிடித்துத் திருப்பும்போது வருமே ஓர் எதிர்ப்பு, அப்படி ஒன்று விரலில் பட்டது.

"பற்சில்லில ஏதோ இறுக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மின்சாரப் பகுதியில் அத்தியட்சகராக இருந்து ஓய்வு பெற்றவர். காரணமில்லாமல் ஒரு பொருள் அசையும் என்று ஒருநாளும் நம்பியவரல்ல.

வண்டி அவருடையதல்ல. அனுஷன் செய்தது. பாதியில் விட்டது.

அனுஷன் அவருக்கு ஒரே மகன். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் மின்வேலைக்குப் போனவன், அங்கே கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டு தொழிலாளர் லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டான். "இனி இந்தப் படியில நீ கால் வைக்கக் கூடாது" என்று தர்மராசா சொன்னார். சொன்ன கையோடு குழாயைத் திறந்து தலை முழுகினார். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் கேட்டபோது தனக்குப் பிள்ளை இல்லை என்றார். மூன்று வருடம் அந்தப் பெயர் வீட்டில் ஒலிக்கவில்லை. போன மழைக்குத் தோட்டத்து மண்மேடு சரிந்து அனுஷனை மூடியது. தோட்டத்துச் சனங்களே தோண்டியெடுத்து, தேயிலைக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். தர்மராசா போகவில்லை. மனைவி கமலாம்பிகையையும் போக விடவில்லை.

பிறகு ஒருநாள் மருமகள் நிரஞ்சலா ஒரு காட்போட் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து படிக்கட்டின் அடியில் நின்றாள். றோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் கருங்கற்படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் வலிக்கும் உயரம். கமலாம்பிகை கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிப் போனாள். அவள் கண்களில் வெண்படலம் விழுந்திருந்தது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். தர்மராசா யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றார்.

"ஏன் பிள்ளை கீழேயே நிக்கிறாய்? மேல வாவன்."

"வேணாங்கம்மா. அவரே ஏறாத படி. நான் எப்புடி ஏறுவேன்?" அவள் பெட்டியைக் கல்லின்மேல் வைத்தாள். "இத அவரு ஐயாவுக்குன்னுதான் செஞ்சிக்கிட்டு இருந்தாரு. சின்னப் புள்ளையில கடையில பாத்து இப்புடி ஒண்ணு கேட்டாராம். மூள இருந்தா நீயே செய்யின்னு ஐயா சொன்னாராமே."

"ஓம். சொன்னவர்."

"கால் வைக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு, சக்கரம் வச்சா என்ன செய்வாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. கீழ றோட்டுல நின்னுக்கிட்டு ரிமோட்டால இத மேல ஏத்தணுமாம். சத்தம் கேட்டு ஐயா கதவத் தொறப்பாராம்."

கமலாம்பிகை கையை நீட்டி அவள் முகத்தைத் தேடினாள். "அவன் உன்ர கனவில வாறவனோ பிள்ளை?"

"இல்லைங்கம்மா." நிரஞ்சலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "காரியமெல்லாம் எங்கப்பா நின்னு செஞ்சாரு. ஒரு கொறையும் வைக்கல. நல்லபடியாப் போயிட்டாரு. ஒரு தடவ வந்தா என்னன்னு நான்தான் அழுறேன். வர்றதே இல்ல."

பெட்டி வீட்டுக்குள் வந்தது. தர்மராசா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவி கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் திறந்தார்.

உள்ளே இருந்ததை மேசையில் எடுத்து வைத்துப் பார்த்தார். ஃபெக்டரியில் கழித்த அலுமினியத் தகட்டை வெட்டி மடித்து அடிச்சட்டம். பழைய துளைகருவிகள் இரண்டிலிருந்து கழற்றிய மோட்டார்கள், முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. சைக்கிள் ஆசனத்துச் சுருள்வில்கள். வண்டியின் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய, தடித்த சில்லுகள். அவன் பிழைவிடவில்லை, அந்தக் கற்படியின் உயரத்துக்குக் கணக்குப் பார்த்துப் போட்டிருந்தான். எங்கிருந்து அளந்தான்? நினைவிலிருந்து. ஓடி ஏறிய காலத்து நினைவிலிருந்து.

வயர் வேலையும் மின்கலமும்தான் மிச்சம். அதாவது தகப்பனுக்குத் தெரிந்த வேலை.

அன்றிலிருந்து தர்மராசா மேசையை விட்டு எழும்பவில்லை. ஈயம் உருக்கும் பற்றாசுக்கோலின் புகை கண்ணில் பட்டால் கண் கலங்கும். அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். முதல் வெள்ளோட்டத்தில் சில்லு கல்லில் வழுக்கிச் சுற்றியது. பாரம் பின்னுக்கு விழுகிறது என்று கண்டு, மின்கலத்தைக் கழற்றி, முன்னச்சின் மேலே அதற்கு இடம் செய்தார். சுருள்வில்லை இளக்கினார். வேலை செய்துகொண்டே, "இதை ஏன் இப்பிடிக் கட்டினனி? கரண்ட் கூடினால் வயர் உருகிப் போகுமெல்லே" என்று வாய்விட்டுக் கேட்கவும் தொடங்கினார்.

"ஆரோட கதைக்கிறியள்?" என்றாள் கமலாம்பிகை அறை வாசலில்.

"ஒருத்தரோடையும் இல்லை. பழைய மோட்டர் ஒண்டு."

"என்னோட ரெண்டு வார்த்தை கதைச்சால் வாய் தேஞ்சு போகும். மோட்டரோட கதைக்கலாம்." சற்று நின்று, மெல்லக் கேட்டாள்: "என்ன சொல்லுறான்?"

அவர் பற்றாசுக்கோலை மறுபடி எடுத்தார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சில்லுகள் வாசற்பக்கம் திரும்பத் தொடங்கின.

பயம் வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வந்தது. வரட்டும். ஒருதரம். "அப்பா" என்று ஒரு சொல். தான் மறுத்த சொல்லை அவனிடமிருந்தே கேட்டுவிட்டால், மிச்ச நாளைக் கழித்துவிடலாம்.

சில்லுகளை நேராக்கியதற்கு அடுத்த நாள் பின்னேரம் மின்கலத்தை மறுபடி பூட்டினார். மூடுபனி படிகளின் அடிவரை வந்து நின்றது. சவுக்கு மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி றோட்டோரம் வைத்தார். மேலே வந்து ரிமோட்டை அழுத்தினார். மோட்டார்கள் உறுமின. முன்சில்லுகள் முதற்படியைக் கவ்வின, வண்டி நிமிர்ந்தது, பின்சில்லுகள் தள்ளின, ஏறியது. அடுத்த படி. அதற்கடுத்தது. வாசலுக்கு வந்து அவர் காலடியில் முட்டி நின்றபோது, "கெட்டிக்காரன்" என்றார். அவன் உயிரோடு இருக்கையில் ஒருநாளும் சொல்லாத சொல்.

இன்னொருதரம் பார்க்க ஆசைப்பட்டு ரிமோட்டாலேயே இறக்கினார். வண்டி றோட்டை அடைந்தது. நிற்கவில்லை. விசையை விட்டார், நிற்கவில்லை. ரிமோட்டையே அணைத்தார். மோட்டார் ஒலி அதே சீராக, அவசரமில்லாமல், பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்புத்தளைப் பக்கமாக அல்ல. பதுளைப் பக்கமாக.



அவன் அடக்கமானது அப்புத்தளைத் தோட்டத்தில். பதுளையில் அவனுக்கு என்ன இருக்கிறது?

இருந்தது. கமலாம்பிகைக்கும் தெரியாமல் இருந்தது. தலை முழுகியது போதாதென்று, மானத்துக்கு ஒரு முடிவு வேண்டுமென்று, பதுளை ஓயா ஆற்றங்கரையில் அவர் செய்தது. உடல் கிடைக்காமல் போனவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் கட்டிக் கொள்ளி வைப்பது வழக்கம். உயிரோடிருந்த மகனுக்கு அவர் அதைச் செய்தார். கையும் காலும் தலையும் வைத்துக் கட்டி, அலுமாரியில் கிடந்த அவனுடைய பழைய நீலச் சேட்டை அதற்குப் போட்டுப் பொத்தான் பூட்டி, பெயர் சொல்லி, கோத்திரம் சொல்லி, நெய் ஊற்றி, கொள்ளி. பாதி எரிகையில் மழை பிடித்துக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

மகன் உண்மையாகவே இறந்ததும், அன்று கிரியை நடத்திய ஐயரிடம் போய் நின்றார். ஐயர் கதவைப் பாதிதான் திறந்தார். "கிரியை முடிஞ்ச பிள்ளைக்கு இன்னொரு கிரியையோ, தர்மராசா? ஆளிருக்கேக்க இதென்ன வேலை எண்டு அண்டைக்கே கேட்டன். கேட்டீரோ? அவன்ர பேரை நீர் ஒண்டுக்குக் குடுத்திட்டீர். குடுத்தது குடுத்ததுதான்."

இருட்டி வெகுநேரத்தின் பின் கரண்ட் போனது. வீடு கறுத்தது.

கமலாம்பிகை எங்கோ மண்ணெண்ணெய் விளக்கைத் தடவிக் கொளுத்தும் ஓசை. அவர் வாசற்கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். பிறகு அந்தத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடியே நின்றார். இதே கதவு. இதே தாழ்ப்பாள். வருவது தன் பிள்ளையாக இருந்தால்?

மோட்டார் ஒலி திரும்பி வந்தது.

போனதுபோல் இல்லை. பாரம் ஏற்றிய ஒலி. அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து. றோட்டில். வளைவில். படியடியில்.

நின்றது.

தொம். முதற்படி.

தொம்.

 ஈர மண் மணத்துக்குக் காத்திருந்தார். செம்மண். தேயிலை வேர். அப்படித்தான் மணக்கவேண்டும். மண்ணுக்குள் கிடக்கிற பிள்ளை.

தொம்.

"என்னப்பா," கமலாம்பிகை விளக்கோடு வந்துவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது. "தம்பி வாறானோ? அவன்ர வண்டிதானே அது? ஏன் கதவைச் சாத்தினீங்கள்? இன்னும் அவனை உள்ள விட மாட்டியளோ?"

"நீர் சும்மா இரும்."

"மூண்டு வருசம் சும்மா இருந்தனான்."

தொம். கடைசிப் படி. சில்லுகள் சீமெந்தில் உரசின. கதவின் அடிப்பலகையில் மெல்ல ஒரு முட்டு. இன்னொன்று. பொறுமையாக.

முதுகு வளையாத மனிதன் கதவில் நெற்றியை வைத்தார். உள்ளே இருந்த இறுமாப்பெல்லாம் நீராகிப் போனது.

"வா தம்பி," என்றார். "உள்ள வா. அப்பா கூப்பிடுறன்."

தாழ்ப்பாளை இழுத்தார்.

மண் மணக்கவில்லை.

கருகிய புல். நெய்.

விளக்கு வெளிச்சம் வாசலில் விழுந்தது. வண்டி நின்றது. அடிச்சட்டத்தின் மேல், மின்கலத்தோடு சாய்ந்து, ஒன்று இருந்தது. நீலச் சேட்டு. ஒரு பக்கம் எரிந்து, ஒரு பக்கம் முழுசாக. கைநுனியிலிருந்து நனைந்த தர்ப்பை வெளியே நீண்டிருந்தது. கழுத்தில் முடிச்சு. அவர் போட்ட முடிச்சு.

அனுஷன் வரவில்லை. அவன் நல்லபடியாகப் போய்விட்டான். அவனுக்கு இந்தப் படியில் இனி ஒரு அலுவலும் இல்லை.

"கமலம், தொடாதையும்..."

அவள் விளக்கை நிலத்தில் வைத்துவிட்டு ஏற்கெனவே குனிந்துவிட்டாள். சேட்டைத் தடவினாள். காலரைத் தடவினாள். "இந்தச் சேட்டைத்தானே நான் தேடினனான்" என்றாள். இரண்டு கைகளாலும் வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்தாள். அவள் வெள்ளைச் சீலையில் கரி அப்பியது.

"என்ன ராசா," என்று அழுதாள், சிரித்தாள், "இப்பிடியோ மெலிஞ்சு போவாய்? பாரமே இல்லையே."

புல்லால் கட்டிய கை ஒன்று நீண்டு அவள் முதுகை வளைத்துப் பிடித்தது. அவள் தோளுக்கு மேலாக, முகம் வைத்துக் கட்டப்படாத அந்தத் தலை, மெதுவாக, தர்மராசாவின் பக்கம் திரும்பியது.

"அப்பா" என்றது.